கிரீன் ஓரத்துப் புல்

முதன்முதலாக அந்தப் புல் என்னைத் தோற்கடித்தபோது, பந்துக்கும் குழிக்கும் நடுவே இருபது எட்டுகூட இல்லை. குழி தெரிகிறது, கொடி தெரிகிறது, கொடியைத் தாண்டி ஒரு மயில் நடப்பதுகூடத் தெரிகிறது. பந்து மட்டும் தெரியவில்லை. கணுக்கால் உயரப் புல்லுக்குள் முட்டை மாதிரி படுத்துக் கிடந்தது. ஓங்கி ஒரு போடு போட்டேன். ஒரு சாண் நகர்ந்தது. இன்னொன்று போட்டேன். தலைக்கு மேல் பறந்து, எதிர்க்கரைப் புல்லில் விழுந்து, அங்கேயும் அதே மாதிரி படுத்துக்கொண்டது. அந்தக் கரையில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், தலைத்துண்டைச் சரிசெய்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, பந்து புல்லு மேல ஒக்காந்திருக்குதா, உள்ள படுத்திருக்குதான்னு பாக்காமயே அடிக்கறீங்களே, அதெப்படீங்க?"

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. புத்தகம் வாங்கிப் படித்தேன், செல்போனில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதைப் பார்த்தேன். அந்த அம்மா கேட்ட கேள்வியைவிட உருப்படியாக ஒருவரும் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

நான் கோல்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் இன்னமும் சிரிக்கிறார்கள். கணபதியில் எனக்கு ஒரு லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு வேண்டிய சாமான்கள் கடைந்து கொடுக்கிறோம். பத்தாவதோடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் பேச்சுக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. பல்லடத்துப் பக்கம் கொஞ்சம் தோட்டம், நாலு மாடு. பம்பு வாங்குகிற கம்பெனிக்காரர் ஒருவர், "அண்ணா, ஒரு ஞாயித்துக்கெழம சும்மா வந்து நடந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். அவர் இப்போது ஆட்டத்தை விட்டுவிட்டார். நான் மாட்டிக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குழியைச் சுற்றி வழுவழு என்று மழித்து வைத்திருக்கும் புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். அதில் பந்து பாய் மேல் கோலிக்குண்டு போல் உருளும். கிரீனைத் தாண்டி ஒரு கரை. கரையைத் தாண்டினால் வேண்டுமென்றே வளரவிட்ட புல். நானூறு கெஜம் தாண்டி வந்த பந்து, கடைசிப் பத்துக் கெஜத்தில் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்றும் சாரலும் வரும்போது அந்தப் புல்லுக்குக் கொண்டாட்டம்தான். திங்கட்கிழமை வெட்டினால் வியாழக்கிழமை பழையபடி நிற்கும்.

எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. இரும்பைச் சீவுவது என் தொழில். என்ன இரும்பு, என்ன கடினம், எந்த உளி, எந்த வேகம் என்றெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் மட்டையின் தலை நல்ல கனமான எஃகு. எதிரே இருப்பது, பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல் ஜாதி. பூ மாதிரிப் புல். அது எப்படி எஃகைப் பிடித்து நிறுத்துகிறது? நிறுத்துவதோடு விடாமல், மட்டையில் பந்து படுகிற முகத்தை இடது பக்கம் திருப்பியும் விடுகிறதே, அது எப்படி?

பட்டறையில் இரண்டு சாமான்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க நீலச் சாயம் தடவுவோம். ஒட்டின இடத்தில் சாயம் அழியும். ஒட்டாத இடத்தில் அப்படியே இருக்கும். ஒரு நாள் அந்த டப்பாவைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மட்டையின் முகத்தில் நீலம் தடவி, மாட்டுக்காக வளர்த்த புல்லின் ஓரத்தில் பந்தைப் போட்டு அடித்து அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கண்ணாடி போட்டுக்கொண்டு சாயத்தைப் படித்தேன். பந்து பட்ட அடையாளம் ஒன்று வட்டமாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லவே இல்லை. முகம் முழுக்கக் கோடு கோடாகப் புல் இழுத்த தடம்தான். பந்துக்கும் இரும்புக்கும் நடுவில் புல் போய்ப் படுத்துக்கொள்கிறது. எண்ணெய் விட்ட மாதிரி வழுக்குகிறது. அதனால்தான் பந்து சுழலாமல் செத்த மீன் மாதிரி வெளியே வந்து, விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடுகிறது.

அடுத்து கழுத்து. மட்டையின் தலையும் தண்டும் சேருகிற இடத்தில் பத்து இழை சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்தைப் புல் பிடித்துக்கொள்கிறது. தலையின் மறுநுனி மட்டும் முன்னால் ஓடுகிறது. முகம் இடது பக்கம் திரும்பிவிடுகிறது. அது புரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முகத்தை முன்கூட்டியே கொஞ்சம் வலது பக்கம் திறந்து வைத்துக்கொண்டால், புல் திருப்புகிற திருப்பில் அது நேராக வந்து நிற்கும்!

அரிவாள் வீசுகிற மாதிரி பக்கவாட்டில் வீசக்கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வீசினால் வழியெல்லாம் புல் பிடிக்கும். மட்டையை நெட்டுக்குத் தூக்கி, பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் நேராக இறக்க வேண்டும். புல் குறைவாகப் பிடிக்கும்.

என் வீட்டம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி பிடிக்கவில்லை. வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, இந்தப் புல்ல இப்படிக் கொத்திப்போட்டா மாடு என்னத்தத் திங்கும்? அதுக்கு நீலச் சாயம் வேற."

"ஆராய்ச்சி பண்றேன் அம்மணி."

"பண்ணுங்க பண்ணுங்க. நாளைக்குப் பாலும் நீலமா வந்தா நீங்களே குடிச்சுக்கோங்க."

கிளப்பில் என்னை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்டு வந்தவர், பதினோரு வருடமாக ஆடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோவிலில் முதல் பூசையை முடித்துக்கொண்டு, கோவிலுக்குக் கட்டின சேலையைக் கிளப்பில் மாற்றிவிட்டு, தொப்பியோடு வந்து நிற்பார். தூரம் அடிக்கமாட்டார். ஆனால் நேராக அடிப்பார், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

ஒரு நாள் நான் கிரீன் ஓரத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமாட்டில் குரல்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா? வர்ற மாசம் ஜோடி ஆட்டம் இருக்குதே, நீங்க எங்கூட ஆடறீங்களா?"

"நானுங்களா டீச்சர்? என்னவிட நல்லா ஆடறவங்க நெறைய இருக்கறாங்களே."

"இருக்கறாங்க. ஆனா அவங்கெல்லாம் ஆளப் பாத்து ஆடறாங்க. நீங்க புல்லத்தானே பாக்கறீங்க. உங்களுக்கு ஆளே கண்ணுக்குத் தெரியறதில்ல. அதான் கேட்டேன்."

அது பாராட்டா, திட்டா என்று யோசித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தேன். அவர் விஷயத்தைச் சொன்னார்.

ஒருவரோடு ஒருவர் மோதுகிற ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் பந்து குழிக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றுவிட்டால், "போதுமுங்க, எடுத்துக்கோங்க" என்று சொல்லலாம். அடிக்காமலே அது குழியில் விழுந்ததாக ஆகிவிடும். சொன்னவரும் திரும்ப வாங்க முடியாது, கேட்டவரும் மறுக்க முடியாது. உலகம் பூராவும் இதுதான் விதி. ஆனால் இலையைக் கையால் மூடினாலும் விரல் சந்தில் இன்னொரு கரண்டி பாயசம் விடுகிற ஊர் எங்களுடையது. எங்கள் ஆட்கள் கையில் அந்த விதி உபசாரமாகிவிட்டது. பெரியவர்களுக்கு ஒரு அடி, பெண்களுக்கு இரண்டு அடி, டீச்சருக்கு நாலு அடி தூரத்திலிருந்தே "எடுத்துக்கோங்க டீச்சர்" என்று சொல்லிவிடுவார்கள்.

"போன வருஷம் ஒரு மேட்ச்சு ஜெயிச்சேன் தம்பி. பாயசமெல்லாம் வெச்சு அக்கம்பக்கத்துல குடுத்தேன். மறுவாரம் வராந்தாவுல ஷூவுக்கு லேஸ் கட்டிட்டு இருக்கறேன். செவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் சொல்றாரு, 'டீச்சருக்கு உட்டுக்குடுத்துப்போட்டு வந்தனுங்க, பாவம், சந்தோசப்படட்டும்'னு." அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். "அந்தப் 'பாவம்' இன்னும் என் காதை உட்டு எறங்கலீங்க. நான் யாருக்கும் அரை மார்க்கு சும்மா போட்டதில்ல. எனக்கும் யாரும் போட வேண்டாம். ஒரே ஒரு மேட்ச்சு, ஒருத்தரும் உட்டுக்குடுக்காம ஜெயிக்கணும். அவ்வளவுதான்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜோடி ஆட்டம் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஆளுக்கு ஒரு அடி, மாற்றி மாற்றி. அவர் புல்லுக்குள் போட்டால் நான் எடுக்க வேண்டும்; நான் போட்டால் அவர் எடுக்க வேண்டும். மொத்தம் பதினெட்டுக் குழி. எந்த ஜோடி அதிகக் குழிகளை ஜெயிக்கிறதோ அதற்கு வெற்றி.

எங்களுக்கு எதிரே வந்தவர்களில் ஒருவர் உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி. நல்ல ஆகிருதி, நல்ல மனசு. பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் எதையாவது வாங்கிக் கொடுத்துவிடுவார். இன்னொருவர் அவருடைய சம்சாரத்தின் தம்பி, நூல் மில் வைத்திருக்கிறார். ஒல்லி. வாய் மட்டும் மட்டையைவிட நீளம்.

ஆரம்பிக்கும் இடத்திலேயே டீச்சர் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு யாரும் யாருக்கும் எடுத்துக்கோங்கன்னு சொல்லக் கூடாது. ஒரு சாணா இருந்தாலும் அடிச்சுத்தான் போடணும்."

தேங்காய்க்காரர் முகத்தில் நிஜமான சங்கடம். "அதெப்படீங்க டீச்சர்? பழகுன வாயுங்க. தானா வந்துருமே."

"வந்தா முழுங்கிக்கோங்க."

"மச்சானுக்கு முழுங்கறதுல ஒண்ணும் கஷ்டமில்லீங்க டீச்சர்," என்றார் மில்காரர், அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டே. "காலைல பன்னெண்டு இட்லி முழுங்கிட்டுத்தான் வந்திருக்கறாரு."

"பத்துத்தான் மாப்ள. எண்ணத் தெரியாதவன்தான் மில்லு நடத்தறான்."

அந்தக் காலை முழுவதும் தேங்காய்க்காரர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! டீச்சரின் பந்து குழிக்கு அருகே போய் நின்றால் இவருக்கு வாய் திறக்கும். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு மயிலைப் பார்ப்பார், பனைமரத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார். டீச்சர் அடித்துப் போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவார். தும்மலை அடக்குகிறவர் மாதிரி கண்ணில் நீர்கூட வந்திருந்தது.

நாங்கள் ஒரு குழி முன்னால் போவதும் அவர்கள் வந்து பிடிப்பதுமாக ஆட்டம் நகர்ந்தது. ஒன்பதாவதில் டீச்சர் எங்கள் பந்தைப் புல்லுக்குள் போட்டார். அது புல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மேலே உட்கார்ந்திருக்கும் பந்துக்கு ஆழமாக வெட்டினால் மட்டை அடியில் புகுந்து போய்விடும், பந்து அப்படியே நிற்கும். மெதுவாக, துடைப்பம் பெருக்குகிற மாதிரி எடுத்தேன். குழிக்கு ஒரு முழத்தில் போய் நின்றது. "ஏனுங்க, அந்தப் புல்லுக்குள்ள மருந்து ஏதும் வெச்சிருக்கறீங்களா?" என்றார் மில்காரர். அவர் அடுத்து அடித்த அடி காற்றில் வளைந்து முள்வேலிப் பக்கம் போயிற்று. "மாப்ள, உங்க பந்து பாலக்காட்டுக்கு பஸ் ஏறிப்போச்சு," என்றார் தேங்காய்க்காரர். "டிக்கெட் எடுத்திருக்குதான்னு கேளுங்க."

பதினேழு குழி முடிந்தபோது நாங்கள் ஒன்று முன்னால். பதினெட்டாவதைச் சமமாக முடித்தாலே போதும், டீச்சர் ஜெயித்துவிடுவார். அவர் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

முதல் அடி டீச்சர், நல்ல அடி. இரண்டாவது நான், சுமார். மூன்றாவது டீச்சர். காற்று தள்ளியதா, பதற்றமா தெரியாது. பந்து கிரீனின் இடது கரையைத் தாண்டி, புல்லுக்குள் சொருகிக்கொண்டது. அவர்கள் பந்து மூன்றாவது அடியிலேயே கிரீன்மேல் போய்ச் சேர்ந்திருந்தது. இனி என் முறை.

முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பந்து உள்ளே படுத்திருக்கிறது. புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? என் பக்கம். ஈரம் உண்டா? உண்டு. அடியில் மண் எப்படி? விரலால் அழுத்திப் பார்க்க ஆசைதான், ஆனால் கூடாது. பந்துக்கு நாலு விரற்கடை பின்னால், அருகம்புல்லுக்கு நடுவே வேறொன்று நின்றது. மூன்று பட்டைத் தண்டு, பளபளவென்று கரும்பச்சை இலை. கோரை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்த் தண்டின் அடியைப் பிடித்தன, ஒரு திருகு திருகின, கிழங்கோடு பிடுங்கி முதுகுக்குப் பின்னால் எறிந்தன. தோட்டத்தில் பேசிக்கொண்டே நடக்கும்போது ஒரு நாளைக்கு நூறு தடவை இப்படித்தான் செய்கிறேன். எங்கள் பக்கத்துக் குடியானவன் எவனாக இருந்தாலும் செய்வான். கோரையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக எங்கள் கைக்குத் தெரியாது.

எறிந்த பிறகுதான் உறைத்தது. பந்துக்குப் பக்கத்தில் வளர்ந்து நிற்கும் எதையும் பிடுங்கக் கூடாது, வளைக்கக் கூடாது, மிதித்து அமுக்கவும் கூடாது. மட்டை இறங்குகிற வழியை அது சுலபமாக்கும் அல்லவா? மீறினால் அந்தக் குழி போயிற்று.

எழுந்து நின்றேன். "நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

மூன்று பேரும் திரும்பினார்கள். சொன்னேன்.

"அட, களை தானுங்களே?" என்றார் தேங்காய்க்காரர். "நானா இருந்தாலும் புடுங்கித்தான் இருப்பேன். உடுங்க, அடிங்க."

"நாங்க ஒண்ணும் பாக்கலீங்க," என்றார் மில்காரர். "நான் மயிலைப் பாத்துட்டு இருந்தேன். மச்சானும் மயிலைத்தான் பாத்துட்டு இருந்தாரு. காலைல இருந்து அவரு வேற எதைப் பாத்தாரு?"

"நான் பாத்தேன்," என்றார் டீச்சர்.

"டீச்சர், ஒரு கோரைக்குப் போயி ஒரு குழியே குடுக்கறதுங்களா? நல்லாவா இருக்குது?"

"இந்த ஹோல் உங்களுது. நாங்க உட்டுக்குடுத்தாச்சு. குடுத்தத மறுக்க முடியாது. ரூல்."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை! தேங்காய்க்காரர் குனிந்து தன் பந்தை எடுத்துக்கொண்டார், யார் வீட்டுச் சாமானையோ எடுக்கிற மாதிரி.

ஆட்டம் சமன். விதிப்படி மறுபடியும் முதல் குழிக்குப் போக வேண்டும். அங்கே யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு மேட்ச். நடந்தோம். டீச்சர் எனக்கு இரண்டு எட்டு முன்னால் போனார். பதினோரு வருட ஆட்டத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை என் இரண்டு விரல் பிடுங்கிப் பின்னால் எறிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டே நடந்தேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"என்ன களை அது?"

"கோரைங்க டீச்சர்."

"கெழங்கோட வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"அப்ப செரி. அறுந்து போயிருந்தா ஹோலும் போச்சு, களையும் போகலைன்னு ஆயிருக்கும்."

முதல் அடி என்னுடையது. பந்து நடுவில்தான் விழுந்தது. இரண்டாவது டீச்சர். கிரீனுக்கு ஐந்து கெஜம் குறைவாக, வலது கரைப் புல்லுக்குள். அவர்கள் பந்தும் இரண்டாவது அடியில் கிரீனை எட்டவில்லை. ஆனால் வெட்டின புல்மேல் நின்றது. மில்காரர் அதைச் சுகமாக உருட்டி, குழிக்கு ஐந்தடியில் நிறுத்தினார். அங்கிருந்து போட்டால் அவர்களுக்கு நாலு.

"தம்பி, மொதல்ல கைய ரெண்டையும் பாக்கெட்ல வெச்சுக்கோங்க," என்றார் டீச்சர். "அப்புறம் போயி பந்தைப் பாருங்க."

கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே போய்க் குனிந்து பார்த்தேன். பாதி மூழ்கியிருந்தது. உட்காரவும் இல்லை, படுக்கவும் இல்லை. இதுதான் இருப்பதிலேயே மோசம்; புல் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பந்துக்கு அடியில் புல் இருக்கிறதா, வெறும் மண்ணா? சாயம் தடவின மட்டை என் கண்ணுக்குள் வந்தது. எது ஒட்டும், எது ஒட்டாது? விசித்திரம் என்னவென்றால், அந்த நேரத்தில் எனக்கு ஜெயிப்பதா தோற்பதா என்பது மறந்தே போயிற்று. இந்தப் புல் இப்போது என்ன செய்யும் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது.

மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்தேன். இடது கையின் கடைசி மூன்று விரல்களை இறுக்கினேன். கனத்தை இடது காலில் வைத்தேன். நெட்டுக்குத் தூக்கி, இரண்டு விரற்கடை பின்னால் இறக்கி, நிறுத்தாமல் முன்னால் தள்ளினேன். புல் பிடித்தது. கழுத்தில் சுற்றுவது கைக்குத் தெரிந்தது. முகம் திரும்புவதும் தெரிந்தது, வேண்டிய அளவு மட்டும். கொத்துப் புல்லோடு பந்து மேலே எழும்பி, சத்தமே இல்லாமல் கிரீன் ஓரத்தில் விழுந்து ஓடியது. ஓடி ஓடி, ஓய்ந்து, குழிக்கு நாலடியில் நின்றது.

தூரம் அதிகம் என்பதால் முதலில் அவர்கள் முறை. தேங்காய்க்காரர் அடிக்க வேண்டும். நான் அவர் முகத்தையே பார்த்தேன். மயிலைத் தேடவில்லை, பனைமரத்தைத் தேடவில்லை. குழியைச் சுற்றி முன்னும் பின்னும் நடந்தார். உட்கார்ந்து பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்து அடித்தார். பந்து குழியின் உதட்டைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிட்டது.

"ச்சை!" என்றார். அடுத்த அடியை மில்காரர் தட்டிப் போட்டார். அவர்களுக்கு ஐந்து.

இனி டீச்சர் நாலடியைப் போட்டால் நாலு. மேட்ச் முடிந்தது. அவர் பந்துக்கு மேல் நின்றார். தொப்பி நிழலில் முகம் தெரியவில்லை. மில்காரருக்கு அந்தக் கணத்தில் என்ன தோன்றியதோ. வயசான பெண்ணாயிற்றே என்று இரக்கமா, பழகின வாயா, தெரியாது. வாயைத் திறந்தார்.

"டீச்சர், அத எடுத்…"

"வாய மூடு மாப்ள!"

தேங்காய்க்காரரின் குரலில் மரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன. "அவங்க அடிக்கட்டும்! நாலடி இருக்குது! உளுகாமப் போனாலும் போகும்!"

டீச்சர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து அடித்தார். பந்து கோடு போட்டது மாதிரி போய்க் குழிக்குள் விழுந்து, உள்ளே ஒரு தடவை துள்ளி அடங்கியது.

மில்காரர் கை தட்டினார். நான் டீச்சரின் மட்டையை வாங்கிக்கொண்டேன். தேங்காய்க்காரர் வந்து கை கொடுத்தார், கொடுக்க வேண்டுமே என்று. "நல்லா ஆடுனீங்க," என்றார். குரலில் ஈரம் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காருக்கு நடந்தார். சாப்பிட்டீர்களா என்று யாரையும் கேட்கவில்லை. டீ சொல்லவில்லை. மாப்பிள்ளையைக்கூடக் கூப்பிடாமல் கதவை அறைந்து சாத்திவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரும் அந்த ஒரே வண்டியில் வந்தவர்கள்.

கேன்டீனில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டீ வந்தது. டீச்சர் அதைத் தொடவில்லை. கேட்டுக்கு வெளியே புழுதி அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு நெசமாவே கோவிச்சுக்கிட்டாருங்களா?" என்று கேட்டார்.

"பின்னே?" என்றார் மில்காரர். "என்னை இங்கயே உட்டுப்போட்டுப் போயிட்டாரு பாருங்க. நான் எப்படிப் பொள்ளாச்சி ரோட்டு ஊட்டுக்குப் போறது?"

"சும்மா எனக்காக நடிக்கலையே?"

"நடிக்கறதா? டீச்சர், அவருக்குத் தோத்தா ஆவாதுங்க. ஊட்டுல தாயம் வெளையாண்டு எங்க அக்காகிட்டத் தோத்துப்போட்டுச் சோறு வேண்டாம்னவருங்க. இன்னும் ரெண்டு நாளைக்கு யார்கூடவும் பேசமாட்டாரு."

"ரெண்டு நாளா!" என்றார் டீச்சர். முகம் முழுக்கச் சிரிப்பு. டீயை எடுத்து ஒரே மடக்கில் பாதியைக் குடித்துவிட்டு, கேன்டீன்காரரைக் கூப்பிட்டு எங்கள் மூவருக்கும் சூடாகப் பஜ்ஜி சொன்னார்.